குட்டை வால்காரி

காற்றாலை அறிக்கையின் நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் தன் பெயர் இருந்ததை சிதோரே விரல் வைத்துத்தான் படித்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. அச்செழுத்தை விரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது அடுத்த வரிக்குத் தாவிவிடும். ‘அவ்விடத்தில் நீண்டகாலமாக ஆடு மேய்த்துவரும் சிதோரே என்பவரும் இவ்வினம் அங்கே காணப்படுவதில்லை என உறுதிப்படுத்தினார்’ என்று இருந்தது. இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவைக்கு மனைவி தொனீனாவைக் கூப்பிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து படித்தாள். அப்போதும் அதேதான் இருந்தது.

“நீ சொன்னியா இப்படி?”

“சொன்னேன்.”

“எதுக்குச் சொன்ன?”

“கேட்டான், சொன்னேன்.”

“அங்க இல்லையா அந்தப் பூச்சி?”

“இல்லாம என்ன? போன வாரம் கூட என் தொப்பி மேல வந்து உக்காந்துச்சு.”

தொனீனா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

விஷயம் இவ்வளவுதான். ஊருக்கு மேலே பெர்தா லாதா என்று ஒரு பாறைமேடு. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்கு. அதில் ஒரு கம்பெனி பதினெட்டுக் காற்றாலை நடப்போகிறது. காற்றாலையைத் தூக்கிக்கொண்டு போக ரோடு வேண்டும். சார்டினியாவின் மலைப்பாதையில் கழுதை போகும், அவ்வளவு பெரிய லாரி போகாது. ரோடு சிதோரேயின் பட்டிக்கும் ஊற்றுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் போகிறது. ஊற்று போனால் நூற்றெண்பது ஆட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது? நஷ்டஈடு தருவார்களாம். ஆடு காகிதத்தைக் குடிக்காது. வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார். அந்த ஆள் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரோட்டை நிறுத்த ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, இந்தத் தீவிலும் பக்கத்துத் தீவிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குட்டை வால் பட்டாம்பூச்சி அங்கே இருந்தால் மண்வெட்டி கூட வைக்க முடியாது, ஆனால் அது இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்றார்.

சொன்னது போன ஆகஸ்டில். கம்பெனியின் அறிக்கைக்காகக் கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். மனிதருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பூச்சி டாக்டர். நல்ல மனிதர்தான், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். நீள வால் பூச்சியை ஊருக்குக் கீழே சோம்புச் செடிகளில் நிறையப் பார்த்ததாகவும், குட்டை வாலை மேலே எங்காவது பார்த்ததுண்டா என்றும் கேட்டார். சிதோரேயின் வாய் “இல்லை” என்றது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. அந்நியன் ஒருவன் மலைமேல் வந்து எதைக் கேட்டாலும் அங்கே அது கிடையாது. தண்ணீர் இருக்கிறதா, வறண்டுபோச்சு. காளான் முளைக்கிறதா, இந்தப் பக்கம் முளைக்காது. ஆடு எத்தனை, கேட்டவன் முகத்தைப் பார்த்து அதில் பாதி. அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொன்னார். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரிகிறவரை உண்மையை எடுத்துக் கையில் கொடுக்கிற முட்டாள் இந்த மேட்டில் பிறக்கவில்லை.

அதற்கும் முன்பு, சிதோரேக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது வடக்கேயிருந்து ஒருவன் வலையோடு வந்தான். சுருட்டுப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஊசி குத்திய இரண்டு பூச்சி, பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் கறுப்புக் கோடு, பின் றெக்கையில் நீலப் பொட்டும் ஒரு சிவப்புக் கண்ணும். ஒன்றின் வால் நீளம், மற்றதன் வால் கட்டை. இந்தக் கட்டை வாலைக் காட்டினால் நல்ல மடக்குக் கத்தி ஒன்று தருவதாகச் சொன்னான். சிதோரே கத்தியை வாங்கிக்கொண்டு, பூச்சி இல்லாத பக்கமாக அவனை மூன்று நாள் அலையவிட்டார். ஆனால் அந்தப் பெட்டியை நன்றாகப் பார்த்துவைத்தார். ஆடு மேய்க்கிறவனுக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டைப் பிரித்துப் பார்ப்பதுதானே வேலை. அதற்குப் பிறகு ஐம்பது வருடமாக மேட்டில் பறக்கிறதையெல்லாம் பார்த்திருக்கிறார். நீள வால் எங்கேயும் திரியும், வசந்தத்தில் வரும், திராட்சை பறிக்கிறவரைக்கும் பறந்துகொண்டிருக்கும். குட்டை வால் அப்படியில்லை. பேய்ச்சோம்பு பூக்கிற காலத்தில் வரும், கோடை முற்றுவதற்குள் போய்விடும். ஆகஸ்டில் போய்த் தேடினால் கல்லோடு ஒட்டிக் கிடக்கிற காய்ந்த கூடுதான், அதையும் குச்சி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். டாக்டர் வந்தது ஆகஸ்டில். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பேய்ச்சோம்பு அவருக்கு ஜென்ம விரோதி. ஆள் உயரம் வளர்ந்து மஞ்சள் குடை விரிக்கிற செடி. ஆடு அதைத் தின்றால் மூத்திரத்தில் ரத்தம் போய்ச் சாகும். ஒரு வருடம் பதினொரு ஆடு அப்படிப் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் அரிவாளோடு மேடு முழுக்க வெட்டித் தள்ளியவர் அவர். வெட்ட வெட்ட முளைத்தது. ஊற்றுக்குக் கீழே உள்ள சரிவில் மட்டும், ஆடு இறங்க முடியாத பாறை இடுக்காக இருந்ததால், விட்டுவைத்திருந்தார். குட்டை வால் முட்டையிடுவதும் அதன் புழு தின்பதும் அந்தச் செடியைத் தேடித்தான், அதனால் அது அந்தச் சரிவில்தான் பிழைத்துக் கிடந்தது. பூச்சி மேல் அவருக்கு ஒரு பாசமும் கிடையாது. அது பாட்டுக்கு அது, இவர் பாட்டுக்கு இவர்.

வியாழக்கிழமை காற்றாலை பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலை சிதோரே காப்பிக் கடைக்குப் போனார். வனக்காவலர் அந்தியோகா நின்றபடியே காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் தொனீனாவின் தம்பி ஃபவுஸ்தினு, சீட்டுக்கட்டைக் கலைத்தபடி. அவன் தன் சொந்த நிலத்தில் இரண்டு காற்றாலைக்குக் கையெழுத்துப் போட்டவன். ரோடு வந்தால்தான் அவனுக்குக் காற்றாலை.

“அந்தியோகா, மேல குட்டை வால் இருக்கு. வந்து பாரு.”

“நீங்கதானே மாமா இல்லேன்னு சொன்னீங்க. புஸ்தகத்துலயே போட்டிருக்கே.”

“இப்ப இருக்குங்கிறேன்.”

“எழுதிக் கொடுங்க. நான் மேலிடத்துக்கு அனுப்புறேன். அவங்க ஆள் அனுப்புவாங்க.”

“எப்ப?”

“ஜூலை கடைசி, ஆகஸ்டு.”

“அப்ப அது இருக்காதேம்மா.”

“தொனீனா அத்தைகிட்ட போன் இருக்கே. ஒரு போட்டோ எடுங்க.”

“அவ எடுத்தா. முட்டையை உடைச்சு ஊத்தினாப்ல மஞ்சளா ஒரு கறை இருக்கு.”

ஃபவுஸ்தினு சிரித்தான். “அத்தான், நாப்பது வருஷமா அந்தச் செடியை வெட்டு வெட்டுன்னு வெட்டிட்டு இப்ப அதுக்கே காவல் நிக்கிறீங்களா? செடிக்கே சிரிப்பு வரும்.”

“சீட்டைப் பாத்து ஆடுடா மாப்ளே.” சிதோரே திரும்பவில்லை. அந்தியோகாவிடம், “புடிச்சுக்கிட்டு வந்து காட்டினா?” என்றார்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “மாமா, விளையாடாதீங்க. அதைத் தொட்டாலே குத்தம். புடிச்சீங்கன்னா நான் வழக்கு எழுதணும். பேரு, ஊரு, என்ன பூச்சி, எந்த இடத்துல புடிச்சது, எல்லாம் எழுதி கோர்ட்டுக்குப் போகும். நீள வாலைப் புடிச்சா யாரும் கேக்க மாட்டாங்க. இதைப் புடிச்சா விட மாட்டாங்க.”

“எந்த இடத்துல புடிச்சதுன்னும் எழுதுவியா?”

“எழுதித்தானே ஆகணும்?”

சிதோரே காப்பிக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தார். வரும்போது ஃபவுஸ்தினுவின் மேசையில் சீட்டு கலைக்கிற சத்தம் நின்றிருந்தது. அதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வியாழன் காலை பால் கறந்து முடித்துவிட்டு ஊற்றுக்குக் கீழே போனபோது சரிவு வெறிச்சென்று கிடந்தது. பேய்ச்சோம்பு ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டு, தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, குடைப்பூக்கள் மண்ணில் முகம் குப்புறக் கிடந்தன. பாறைமேல் ஃபவுஸ்தினு உட்கார்ந்து மெல்லிய ரொட்டியை மடக்கிப் பாலாடைக்கட்டியோடு தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மிஷின், இன்னும் சூடு ஆறாமல்.

“வாங்க அத்தான். உங்க வேலையை மிச்சம் பண்ணிட்டேன். இந்த வருஷம் உங்க ஆடு ஒண்ணும் சாகாது.”

சிதோரேக்கு வாய்வரை வந்தது. ஆனால் என்ன சொல்வது? பேய்ச்சோம்பை வெட்டினான் என்று எவனிடம் போய்ப் புகார் சொல்வது? மே மாதத்தில் இதை வெட்டாதவன்தான் கெட்ட இடையன். ஊரில் யாரைக் கேட்டாலும் ஃபவுஸ்தினு நல்லதுதானே செய்தான் என்பார்கள். சிதோரே நாற்பது வருடம் செய்த வேலையை அவன் ஒரே காலையில், அதுவும் சுத்தமாகச் செய்திருந்தான்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அக்கா எதுக்கு இதுல? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு அத்தான். ரெண்டும் வெளிதேசத்துல தட்டு கழுவுது. ரோடு வந்தா ஒண்ணாவது திரும்பி வரும்.”

“வராது மாப்ளே. ரோட்டுல போறதுக்குத்தான் சுலபம்.”

ஃபவுஸ்தினு ரொட்டித்தூளை மடியிலிருந்து தட்டினான், மிஷினைத் தோளில் மாட்டினான், இறங்கிப் போனான். சிதோரே வெட்டிய தண்டுகளுக்கு நடுவே மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பால் போன்ற சாறு கையெல்லாம் வழிந்து பிசுபிசுத்தது. இரண்டு புழுக்கள் நசுங்கிக் கிடந்தன. புழுவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் புழு ஏறக்குறைய ஒன்றுதான். அரைமணி நேரம் புரட்டினார். வெயில் ஏறத் தொடங்கியபோது அவள் வந்தாள், குட்டை வால்காரி.

பள்ளத்தாக்குப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து, செடி இருந்த இடத்தில் செடியைக் காணாமல் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்தாள். முன்கால்களால் தட்டித் தட்டிப் பார்த்தாள். எழுந்து அடுத்த கட்டைக்குப் போனாள். அங்கேயும் தட்டினாள். தன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிற பொம்பளை மாதிரி இருந்தது. காலைக் குளிர் இன்னும் போகாததால் றெக்கையை விரித்துக் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். சிதோரே தொப்பியைக் கழற்றி அவள்மேல் கவிழ்த்தார். ஐம்பது வருடத்தில் அவர் பிடித்த முதல் பூச்சி.

ரிகோட்டா என்கிற பாலாடைக்கட்டியை வடிக்கிற கோரைக்கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டி, உள்ளே அவளைப் போட்டார். வீட்டுக்கு வந்து தொனீனாவிடம் தோட்டத்துச் சோம்பில் ஒரு நீள வால் பிடிக்கச் சொன்னார்.

“எனக்கும் வழக்கா?”

“நீள வாலுக்கு வழக்கு இல்ல.”

“அப்ப ஜெயிலுக்கு நீ மட்டும்தான் போறே. நல்லது,” என்று அவள் பால் வடிகட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அவள் பிடித்து வந்ததை இன்னொரு கூடைக் கட்டில் அடைத்தார்கள்.

ஊர்மன்றக் கூடத்தில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் மேயர், பக்கத்தில் அந்தப் பூச்சி டாக்டர். அந்தியோகா சீருடையில் கதவருகே. சிதோரே நேராகப் போய் இரண்டு கூடைக் கட்டையும் மேயரின் காகிதங்கள்மேல் வைத்தார்.

“என்ன பெரியவரே, ரிகோட்டாவா? மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கே,” என்றார் மேயர். கூடம் சிரித்தது.

“இதுல நீள வால். இதுல குட்டை வால். இன்னைக்குக் காலையில பெர்தா லாதாவுல, ஊத்துக்குக் கீழ புடிச்சேன்.”

டாக்டர் எழுந்து வந்தார். கூடை இடுக்கு வழியாக முதலில் ஒன்றைப் பார்த்தார், பிறகு மற்றதை. பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். குட்டை வால் கூடையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்று வந்தது.

“ஐயா, இதுக்கு வாலே இல்லியே.”

சிதோரே குனிந்து பார்த்தார். உண்மைதான். கூடைக்குள் அடித்துக்கொண்டதில் இரண்டு வாலும் முறிந்து கோரை இடுக்கில் சிக்கியிருந்தன. எது எவ்வளவு நீளம் என்று சொல்ல முடியாத இரண்டு துணுக்கு.

“வால் ஒடிஞ்ச சாதாப் பூச்சி இது,” என்றார் டாக்டர், மெதுவாக, யாரையும் அவமானப்படுத்தாமல். “அடிக்கடி நடக்கிறதுதான். பறவை கொத்தும், முள்ளு கிழிக்கும். நானே ஏமாந்திருக்கேன்.”

பின்வரிசையிலிருந்து ஃபவுஸ்தினுவின் குரல் வந்தது. “போதும் அத்தான், வீட்டுக்குப் போலாம்.”

சிதோரே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “இங்க ஆடு வச்சிருக்கிறவன்லாம் கையைத் தூக்குங்க.” பாதிக் கை எழுந்தது. “உங்க ஆட்டுல எதுக்காவது வால் இருக்கா?”

தூக்கிய கைகள் இறங்கின. பின்னாலிருந்து கறக்க வேண்டும் என்பதால் பெட்டைக்குட்டிக்கு வாலை வெட்டிவிடுவது இந்த ஊர் வழக்கம்.

“வால் இல்லாத நூறு ஆட்டுல உன் ஆடு எது, பக்கத்துப் பட்டி ஆடு எதுன்னு உனக்குத் தெரியாதா? வாலைப் பாத்தா கண்டுபுடிக்கிறே? டாக்டர், வாலை விடுங்க. பின் றெக்கையப் பாருங்க. ஓரத்துல நீலமும் கறுப்புமா ஒரு பட்டை ஓடுதா? நீள வாலுக்கு அது மதில் சுவர் மாதிரி நேரா ஓடும். இதுக்குப் பாருங்க, ஓடை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு உள்ள வருது. அந்தச் சிவப்புக் கண்ணைப் பாருங்க. அதுக்கு உருண்டையா முழிச்சுக்கிட்டு இருக்கு. இதுக்குத் தூக்கம் சொக்கினாப்ல.”

டாக்டர் பார்த்தார். ஒரு கூடையில் பார்த்தார், மறு கூடையில் பார்த்தார், மறுபடி முதல் கூடைக்கு வந்தார். மேயர் தன் பேனாவை மூடித் திறந்தார்.

“இது… கலப்பா இருக்கலாம்,” என்றார் டாக்டர் கடைசியில். “ரெண்டு இனமும் நெருங்கின சொந்தம். சில சமயம் ஒண்ணோட ஒண்ணு சேரும். கலப்புக்குச் சட்டத்துல பாதுகாப்பு…”

“சரி, கலப்புன்னே வச்சுக்குவோம். அப்ப இதுக்கு அப்பனோ ஆத்தாளோ குட்டை வாலா இருக்கணும்ல? அது எங்கிருந்து வந்துச்சு, கப்பல்லயா?”

கூடத்தில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். டாக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் சிவந்தது. “ஐயா, ஆகஸ்டுல நான் உங்களைக் கேட்டேன். என் எதிர்ல நின்னு இல்லேன்னு சொன்னீங்க. உங்க வார்த்தையை நம்பித்தானே எழுதினேன்?”

இதற்காகத்தான் சிதோரே மூன்று நாளாகத் தூங்கவில்லை. பூச்சிக்காக இல்லை, ஊற்றுக்காகக் கூட இல்லை. நாற்பது பேருக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான். தொனீனா பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் மடியில் கைவைத்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

“பொய் சொன்னேன்,” என்றார். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, அதனால சொன்னேன். இப்பவும் தெரியாது. அதையும் எழுதிக்குங்க. சிதோரே பொய் சொன்னான்னு போடுங்க. அந்தியோகா, வாம்மா. பூச்சியப் புடிச்சவன் இங்க நிக்கிறேன். வழக்கை எழுது.”

மேயர் எழுந்தார். “எதுக்குப் பெரியவரே வழக்கெல்லாம்? வயசான காலத்துல கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா? ஜன்னலைத் திறந்து ரெண்டையும் விட்டுருவோம். நாங்க எதையும் பாக்கலை, நீங்க எதையும் புடிக்கலை. பெரிய மனசு பண்ணுங்க.”

“எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. எழுதச் சொல்லுங்க.”

அந்தியோகா மேயரைப் பார்த்தாள், சிதோரேயைப் பார்த்தாள். பிறகு தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்து எழுத ஆரம்பித்தாள். பெயர். அப்பா பெயர். ஊர். பிடித்த நாள். பிடித்த இடம் என்ற கட்டத்தில் ‘பெர்தா லாதா, ஊற்றுக்குக் கீழ்ச்சரிவு’ என்று எழுதும்போது வாய்விட்டே சொன்னாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஃபவுஸ்தினு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். போகவில்லை, சுவரில் சாய்ந்து நின்றான். இனம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றது.

“இதை நான் எழுத முடியாது. டாக்டர்தான் சொல்லணும்.”

“கையெழுத்தை வாங்கிருங்க, பூச்சி பேரை அப்புறம் சேத்துக்கலாம்,” என்றார் மேயர்.

“காலியா விட்ட தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார் சிதோரே. “எங்கப்பா ஒரு தடவை போட்டாரு. ஒரு திராட்சைத் தோட்டம் போச்சு.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். “அடிப்பக்கத்தையும் பாத்துட்டா… வெளியே எடுக்க முடியுமா? றெக்கை கசங்காம?”

சிதோரே கூடைக்கட்டை அவிழ்த்தார். வலது கையை உள்ளே விட்டு, பிடிக்காமல், சும்மா வைத்தார். ஆட்டுக்குட்டி முகரட்டும் என்று கையை நீட்டுகிற மாதிரி. காலையில் வழிந்த சாறு கழுவியும் போகவில்லை, கூடமெல்லாம் பேய்ச்சோம்பு வாடை. அவள் விரலில் ஏறினாள். கட்டைவிரலுக்கு வந்தாள். அவர் கையை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாலில்லாத அந்த மஞ்சள் றெக்கை மூடித் திறந்தது. டாக்டர் பூதக்கண்ணாடியோடு அவ்வளவு கிட்டே குனிந்தார், அவர் மூச்சு சிதோரேயின் மணிக்கட்டில் பட்டது. மூடிய றெக்கையின் அடிப்பக்கத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார், யாரையும் பார்க்காமல் அந்தியோகாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினார், கட்டத்தில் இரண்டு சொல் எழுதினார்.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் சிதோரே.

அந்தியோகா படித்தாள். லத்தீன் பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டு, “குட்டை வால், மாமா,” என்றாள்.

மேயர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் தன் அறிக்கையை எடுத்து, நூற்று நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தியோகா படிவத்தைத் திருப்பி வைத்து, கீழே கோடு போட்ட இடத்தைக் காட்டினாள்.

சிதோரே கையை நகர்த்தவில்லை. அந்தப் பூச்சி முன்கால்களால் அவர் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றை வளைத்து, நகத்துக்குக் கீழே தோலின் மடிப்பில் எதையோ ஒட்டவைத்தது. பிறகு எழும்பி, கூடத்தின் உத்தரம்வரை போய், திறந்திருந்த கதவு வழியாக வெயிலுக்குள் போயிற்று. கட்டைவிரலில் தினையளவு, பச்சைமஞ்சளாக ஒரு முட்டை இருந்தது.

“இங்க போடுங்க மாமா,” என்றாள் அந்தியோகா.

சிதோரே வலது கையை ஒருவரும் இடித்துவிடாதபடி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பேனாவை எடுத்தார். ஒருபோதும் எழுதிப் பழகாத அந்தக் கையால், எழுத்து எழுத்தாக, தாளைக் கிழித்துவிடுகிற அழுத்தத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.